ஊதியம் தீர்க்காத கடன்: அமரவைக்கப்பட்ட மூத்த வீரர் குறித்து ஓர் அறவியல் நோக்கு

உழைப்பவனுக்குரிய கூலியைக் கொடாது விடுதல் அநீதி என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தல் இயலாது. உழைப்புப் பற்றி எழுந்த நவீன சிந்தனைகளிற் பெரும்பாலானவை இவ்வநீதியையே மையமாகக் கொண்டவை. ஆயின் இதற்கு நேர்மாறான ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். ஒருவனுக்குப் பேசிய கூலி முழுவதும், ஒரு சதமேனும் குறையாது, உரிய நாளிற் கொடுக்கப்படுகின்றது. அவனிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: அவன் தன் தொழிலைச் செய்யாதிருத்தல் வேண்டும். இங்கு அநீதி ஏதேனும் நிகழ்ந்துள்ளதா? நிகழ்ந்திருப்பின், அது யாருக்கு இழைக்கப்பட்டது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறுங் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த அணிகளிடையே அண்மைக் காலத்தில் இது பலமுறை நிகழ்ந்துள்ளது. தொடர்ந்து தோல்வியுறும் அணி, தன்னிடமுள்ள வீரருள் மிகக் கூடிய சம்பளம் பெறும் மூத்தவரை, அவர் உடல்நலத்தோடு இருக்கும்போதே, களத்திலிருந்து விலக்கி இருக்கையில் அமர்த்திவிடுகின்றது. விளையாட்டுச் செய்தி என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அறவியல் மாணவனுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. கூலிக் குறைவு, வறுமை, பசி ஆகிய அனைத்தும் இங்கு இல்லை. ஆய்வுகூடத்தில் ஏனைய பொருள்களை நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் தனியே எடுத்து நோக்குவதுபோல, ஊதியம் நீங்கலாகத் தொழிலில் மனிதனுக்குரியது யாது என்ற வினாவை இங்கு நாம் தனித்து நோக்க முடிகின்றது.

இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது அல் ஹோர்போர்ட் என்பவருடையது. டொமினிக்கன் குடியரசிற் பிறந்த இவர் 2020 ஆம் ஆண்டின் இறுதியில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்குக் கைமாற்றப்பட்டார். அப்பருவத்தில் அவரது சம்பளம் 2 கோடி 75 இலட்சம் டொலர். அவர் ஆடிய 28 ஆட்டங்களிலும் சராசரியாக 14 புள்ளிகளுக்கு மேற் பெற்றார். ஆடத் தகுதியற்றவர் என்று எவரும் கூறவில்லை. எனினும் 2021 மார்ச் மாதத்தில், எஞ்சிய பருவம் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அணி அறிவித்தது. இளைஞருக்கு இடமளித்தற் பொருட்டு இரு தரப்பும் உடன்பட்டுச் செய்த முடிவு இது என்று கூறப்பட்டது. அப்போது அவருக்கு வயது 34.

இரண்டாவது ஜோன் வோல் என்பவருடையது. 2010 ஆம் ஆண்டுப் புதுமுகத் தெரிவில் முதலாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் இவர். 2021–22 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி இவருக்கு 4 கோடி 40 இலட்சம் டொலர் அளவிற் சம்பளம் கொடுத்தது. வேறோர் அணிக்குக் கைமாற்றப்படும்வரை ஆடாதிருத்தல் என்பதே தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாடு. கைமாற்றம் நிகழவில்லை. பருவத்தின் இடையில் தாம் ஆட விரும்புவதாக வோல் தெரிவித்தபோது, முன்னைய நிலையன்றிக் குறைந்ததோர் இடமே அவருக்கு முன்வைக்கப்பட்டது. ஈற்றில் அவ்வாண்டு முழுவதும் அவர் ஓர் ஆட்டத்திலேனும் இறங்கவில்லை. அணியோ 82 ஆட்டங்களில் 20 இல் மட்டுமே வென்றது.

ஓர் அணி தன் வல்லவனை ஏன் அமர்த்திவைக்க வேண்டும்? விடை அச்சங்கத்தின் விதிகளில் உள்ளது. ஆண்டுதோறும் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தெரிந்தெடுக்கின்றன. சென்ற பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கே அவ்வரிசையில் முன்னுரிமை கிடைக்கின்றது. வலியோர் மேலும் வலியோராகாது தடுத்தலும் மெலியோருக்குக் கைகொடுத்தலுமே இவ்வேற்பாட்டின் நோக்கம். நோக்கம் நன்றே. ஆயின் தோற்றவனுக்கு உதவுமாறு வகுக்கப்பட்ட விதி, தோல்வியையே ஒரு முதலீடாக மாற்றிவிட்டது. இதனைத் தடுக்கும் பொருட்டு 1985 இற் குலுக்கல் முறை புகுத்தப்பட்டது. 2019 இல் அம்முறை மீண்டும் திருத்தப்பட்டது. அதுவரை கடைசி இடத்திலிருந்த அணிக்கு முதலாந் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு 25 வீதமாக இருந்தது. அத்திருத்தத்தின் பின் கடைசி மூன்று அணிகளுக்கும் அது 14 வீதமாகச் சமப்படுத்தப்பட்டது. எனினும் தோல்வியின் கவர்ச்சி குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

அமர்த்திவைத்தலை நியாயப்படுத்துவோர் பொதுவாக மூன்று வாதங்களை முன்வைப்பர். ஒப்பந்தப்படி ஊதியம் கொடுக்கப்பட்டுவிட்டது என்பது முதலாவது. இளைஞர் வளர இடம் வேண்டும் என்பது இரண்டாவது. ஈற்றில் விளைவு நன்றாகவே அமைந்தது என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஊதியம் பற்றிய வாதம் ஒரு குறிப்பிட்ட மனித நோக்கின் மேல் எழுப்பப்பட்டது. உழைப்பு ஒரு துன்பம். ஊதியம் அத்துன்பத்துக்கான ஈடு. ஆகவே துன்பமின்றி ஈடு மட்டும் கிடைப்பின் அது பேறே என்பது அந்நோக்கு. இது எவ்வளவு குறைபாடுடையது என்பதை நான் நூல்களிற் படிப்பதற்கு முன்னரே எங்கள் வீட்டிற் கண்டிருக்கிறேன். என் பெரியதந்தையார் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் அவருடைய கோப்புகள் யாவும் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டன. காரணம் கூறப்படவில்லை. மேசையும் கதிரையும் இருந்தன. சம்பளமும் தவறாது வந்தது. காலையிற் சென்று வரவுப் புத்தகத்திற் கையொப்பமிட்டுப் பத்திரிகை வாசித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். “வேலை இல்லாமற் சம்பளம், குடுத்து வைச்ச மனிசன்” என்று உறவினர் பகிடி பண்ணுவர். அவரும் சிரிப்பார். ஒருநாள் என்னிடம் மட்டும், “தம்பி, அந்த ரெண்டு வருசத்திலைதான் நான் கிழவனானனான்” என்றார். அவருடைய சம்பளம் வோலினுடைய சம்பளத்தின் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கதன்று. ஆயினும் இருவரிடமிருந்தும் எடுக்கப்பட்ட பொருள் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகின்றது.

அப்பொருள் யாது? மனித நன்மை என்பது ஓர் உடைமையன்று, அது ஒரு செயற்பாடு என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. ஒலிம்பியாவில் முடி சூட்டப்படுவோர் அழகரும் வலியருமல்லர், களத்தில் இறங்கிப் போட்டியிடுவோரே என்று அவர் தமது அறவியல் நூலிற் காட்டும் உவமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆற்றல் உடையவனாயிருந்தும் அதனைச் செயற்படுத்த வாய்ப்பில்லாதவன் அந்நன்மையைப் பெற்றவனாகான். ஒப்பந்தம் ஒருவனின் உழைப்புக்கு விலை பேசலாம். உழைத்தலில் அவனுக்குக் கிட்டும் நன்மைக்கு விலை பேச இயலாது.

மார்க்ஸின் நோக்கில் இந்நிலை மேலும் விசித்திரமானது. உழைப்புச் சக்தி ஒரு பண்டமாக விற்கப்படுகின்றது, வாங்கியவன் அதனைப் பயன்படுத்தி இலாபம் பெறுகின்றான் என்று அவர் விளக்கினார். இங்கோ பண்டம் வாங்கப்பட்டு, பயன்படுத்தப்படாமையினாலேயே இலாபம் தேடப்படுகின்றது. உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்து மட்டுமன்றி உழைக்குஞ் செயலிலிருந்தும் அந்நியமாக்கப்படுகிறான் என்று 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் அவர் கூறியது, இருக்கையில் அமர்ந்திருக்கும் இவ்வீரனிடத்து அதன் எல்லையைத் தொட்டுவிடுகின்றது.

இனி, இளைஞர் பற்றிய வாதத்துக்கு வருவோம். மூன்று வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே. சிறந்த புல்லாங்குழல் யாருக்குரியது என்ற வினாவுக்கு, குலத்தாற் சிறந்தவனுக்கன்று, நன்கு வாசிப்பவனுக்கே என்று அரிஸ்டோட்டில் விடையளித்தார். இதன்படி களமும் வல்லவனுக்கே உரியது. ஆனால் குழல் என்றும் வல்லவன் கையிலேயே இருப்பின், கற்பவன் எப்போது கற்பது? யாழை மீட்டியே யாழ் வல்லோர் ஆகின்றோம் என்று கூறியவரும் அவரே. மூத்தோர் ஒருநாள் விலகியே தீரவேண்டும். விலகும் நாளை அறிந்து விலகுதல் ஒரு பண்பு. விலக மறுத்துப் பதவியைப் பற்றிக்கொண்டிருத்தல் ஒரு குற்றம். இக்குற்றத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் ஆடுகளம்வரை செல்ல வேண்டியதில்லை. ஆதலால் மூத்தவர் அமர்ந்தமை மட்டும் கொண்டு அதனை அநீதி என்று கூறிவிட முடியாது.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தல் அவசியமாகின்றது. இடங்கொடுத்தல் ஒன்று; இடத்தை வெறுமையாக்குதல் வேறொன்று. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் மூத்தவர் அமர்கின்றார், இளையவர் இறங்குகின்றார். ஆயின் முதலாவதில் இளையவர் வளரவேண்டும் என்பது நோக்கம். தோல்வி நேரின் அது விரும்பப்படாத பக்கவிளைவு. இரண்டாவதில் தோல்வியே நோக்கம்; இளையவர் அதற்குக் கருவி. இவ்விரண்டையும் பிரித்தறிய எளியதொரு சோதனை உண்டு. இறக்கப்பட்ட இளையவர் எதிர்பாராத விதமாக வென்றுவிட்டால், அவரை இறக்கியவர் மகிழ்வாரா? மகிழ்வாராயின் அது இடங்கொடுத்தல். உள்ளூர வருந்துவாராயின், “இளைஞருக்கு வாய்ப்பு” என்பது வெறும் போர்வையே.

மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்டின் கட்டளையை இவ்விடத்தில் நாம் மூத்தவர் பொருட்டே நினைவுகூர முற்படுவோம். உண்மையில் அது இளையவருக்கே கூடுதலாகப் பொருந்துவது. மூத்தவர் தாம் ஏன் அமர்த்தப்பட்டார் என்பதை அறிவார். உடன்படவோ மறுக்கவோ அவருக்கு ஓரளவேனும் வலுவுண்டு. தான் வெல்வதற்காக இறக்கப்படவில்லை என்பதை இளையவரிடம் எவரும் சொல்வதில்லை. அவர் தம் முழுப் பலத்தையும் கொடுத்து ஆடுகின்றார். ஹோர்போர்ட் விலகியபின் ஒக்லஹோமா அணி ஏப்பிரல் மாதத்தில் 14 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. 2021 மே 1 ஆம் திகதி தன் சொந்தக் களத்திலேயே இந்தியானா பேசர்ஸ் அணியிடம் 95 க்கு 152 என்ற கணக்கில் வீழ்ந்தது. சொந்தக் களத்தில் ஓர் அணி 57 புள்ளிகளால் தோற்றமை அச்சங்க வரலாற்றில் அதற்கு முன் நிகழாதது. யாழ் மீட்டுவதால் நல்ல யாழ் வல்லோர் மட்டுமன்றித் தீய யாழ் வல்லோரும் உருவாகின்றனர் என்று அரிஸ்டோட்டில் தொடர்ந்து கூறியதை நாம் மறந்துவிடலாகாது. தோற்பதற்கென்றே அமைக்கப்பட்ட களத்தில் இளைஞர் கற்றுக்கொள்வது ஆட்டத்தை மட்டுமா, தோல்விக்குப் பழகிப்போதலையுமா என்பது சிந்தித்தற்குரியது.

மூன்றாவது வாதம் விளைவு பற்றியது. இதனை எளிதில் மறுத்துவிட முடியாது. ஹோர்போர்ட் 2021 யூன் மாதத்திற் பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு மீண்டார். 2022 இல் இறுதிச் சுற்றை அடைந்தார். 2024 இற் கிண்ணத்தையே வென்றார். டொமினிக்கன் குடியரசிற் பிறந்தோருள் அப்பேற்றை முதலிற் பெற்றவர் அவரே. ஒக்லஹோமா அணியோ 2024–25 ஆம் ஆண்டுப் பருவத்தில் 68 ஆட்டங்களில் வென்று, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்திற் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்விறுதியில் எதிர்நின்ற அணி அதே இந்தியானா. ஆடிய இடமும் 57 புள்ளிகளால் வீழ்ந்த அதே நகரமே. யாவரும் வென்றனர், இனி முறையிட யாது உளது என்று பயன்பாட்டுவாதி வினவுவான்.

முதலில், தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே கூறப்படும் காரணகாரியத் தொடர்பு தோற்றத்திற் காணப்படும் அளவு உறுதியானதன்று. 2021 ஆம் ஆண்டுத் தோல்விகள் அவ்வணிக்கு ஈட்டிக்கொடுத்தது தெரிவு வரிசையில் ஆறாம் இடத்தை மட்டுமே. வெற்றிக்குத் தலைமை தாங்கிய ஷேய் கில்ஜஸ் அலெக்சாண்டர் 2019 இலேயே கைமாற்றத்தின் மூலம் வந்தவர். அடுத்த பருவத் தோல்விகளின் பயனாக 2022 இல் இரண்டாந் தெரிவாகச் செற் ஹோம்கிரென் வந்தார் என்பது உண்மையே. ஆயினும் தோற்றதனாலேயே வென்றனர் என்று கூறுதல், விளைந்த பின்னர் விதையைக் கற்பித்துக்கொள்வதாகும். ஆண்டுக்கணக்கிற் தோற்றும் எழாத அணிகளை இக்கணக்கு எண்ணுவதில்லை.

இரண்டாவதும் முக்கியமானதுமான விடை வேறு. 2021 மே மாத இரவில் அவமானத்தைச் சுமந்தவரும் 2025 யூன் மாத இரவிற் கிண்ணத்தைச் சுமந்தவரும் ஒரே மனிதரல்லர். அன்றைய அணியிலிருந்து இன்றைய வெற்றிவரை எஞ்சியிருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஏனையோர் வேறு அணிகளுக்கும், சிலர் இத்துறைக்கே புறம்பாகவும் சென்றுவிட்டனர். ஒருவன் தன் நாளைய நன்மைக்காகத் தன் இன்றைய இன்பத்தைத் துறத்தல் விவேகம். அதே கணக்கைப் பலர் அடங்கிய குழுவுக்குப் பொருத்தி, சிலரின் இன்றைய இழப்பைப் பிறரின் நாளைய நன்மையால் ஈடுசெய்ய முனைதல் தவறு. மனிதர் தனித்தனி மனிதர் என்பதைப் பயன்பாட்டுவாதம் மறந்துவிடுகின்றது என்று 1971 இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில் ஜோன் ரோல்ஸ் காட்டிய குறை இதுவே. அணி என்பது ஒரு பெயராக நிலைத்திருக்கின்றது; அப்பெயரின் கீழ் வாழ்ந்து தோற்றவர் மாறிவிட்டனர். “எதிர்காலத்துக்காக” என்று கூறப்படும் எந்தத் தியாகத்திடமும், யாருடைய எதிர்காலத்துக்காக, யாருடைய தியாகம் என்று வினவும் உரிமை நமக்குண்டு. பெற்ற தாயின் பசியைப் போக்கும் பொருட்டாயினும் பழிக்கத்தக்க செயலைச் செய்யலாகாது என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த எல்லையும், விளைவைக் காட்டிச் செயலைத் தூய்மையாக்க முடியாது என்பதையே உணர்த்துகின்றது.

விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் என்று சிலர் கருதலாம். விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கண்ட டச்சு வரலாற்றறிஞர் யொஹான் ஹொய்சிங்கா, ஆட்டத்தில் ஏமாற்றுபவனுக்கும் ஆட்டத்தைக் குலைப்பவனுக்கும் இடையே ஒரு வேறுபாடு கண்டார். ஏமாற்றுபவன் விதியை மீறினும் வெற்றியை மதிக்கின்றான். ஆதலால் ஆட்டம் என்னும் உலகை அவன் ஏற்றுக்கொள்கின்றான். குலைப்பவனோ அவ்வுலகையே உடைத்துவிடுகின்றான். வேண்டுமென்றே தோற்கும் அணி இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை எனலாம். அது ஒரு விதியையும் மீறுவதில்லை. களத்தை விட்டு வெளியேறுவதுமில்லை. உள்ளே நின்றுகொண்டே, ஆட்டத்துக்கு உயிரளிக்கும் வெல்லும் விருப்பத்தை மட்டும் எடுத்துவிடுகின்றது. எதிர்த்து ஆடியவனின் வெற்றியும் இதனாற் பொருளிழந்துபோகின்றது. பார்வையாளனின் நம்பிக்கையோ அறியாமலே ஏமாற்றப்படுகின்றது.

சங்கம் இதனை அறியாததன்று. 2018 ஆம் ஆண்டில், தோற்பதே நமக்கு நல்லது என்று தம் வீரர்களிடம் கூறியதாகப் பகிரங்கமாகச் சொன்னமைக்காக, டலஸ் மெவெரிக்ஸ் அணியின் உரிமையாளர் மார்க் கியூபனுக்கு 6 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2023 இல் அவ்வணியே ஓர் ஆட்டத்தில் முதன்மை வீரரை ஒதுக்கிவைத்தமைக்காக ஏழரை இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அதே ஆண்டிற் சிறந்த வீரர் ஆட்டங்களில் ஒதுக்கிவைக்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் இயற்றப்பட்டன. இவற்றுள் முதலாவது தண்டம் ஆழ்ந்து நோக்கற்குரியது. பல அணிகள் மௌனமாகச் செய்ததை ஒருவர் வாய்விட்டுக் கூறினார், கூறியமைக்கே தண்டிக்கப்பட்டார். தோல்விக்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டே தோல்வியை நாடுவோரைக் கடிந்துகொள்ளும் நிறுவனம், நேர்மையை அன்று, மௌனத்தையே கற்பிக்கின்றது. ஆகவே பழியைத் தனி மனிதர் மேல் மட்டும் சுமத்துதல் போதாது. எந்த அமைப்பு கைவிடுதலை இலாபமாக்குகின்றதோ, அந்த அமைப்பே முதலில் விசாரிக்கப்பட வேண்டியது.

முடிவாக, மூத்தவரை அமர்த்தும் நாள் எந்த அணிக்கும், எந்த அலுவலகத்துக்கும், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வரவே செய்யும். அன்று அது நீதியாக அமைய மூன்று கடன்கள் தீர்க்கப்படல் வேண்டும். அவருக்கு உண்மை சொல்லப்படல் வேண்டும். தம் ஆற்றல் பயன்படக்கூடிய வேறிடத்துக்குச் செல்லும் வழி திறந்திருத்தல் வேண்டும். அவரிடத்தில் இறங்கும் இளையவர் வெல்லும்பொருட்டே இறக்கப்படல் வேண்டும். ஹோர்போர்ட்டுக்கு இரண்டாவது கடன் சில மாதங்களிலே தீர்க்கப்பட்டது. வோலுக்கு ஓராண்டு முழுவதும் தீர்க்கப்படவில்லை. மூன்றாவது கடன் இருவருடைய இடங்களில் இறங்கிய இளைஞருக்கும் தீர்க்கப்பட்டதாக நான் கருதவில்லை.

ஊதியம் இம்மூன்றில் ஒன்றேனும் அன்று. அது வேறொரு கணக்கு; அதனைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்துவிட்டதனால் ஏனைய கணக்குகள் மூடப்பட்டுவிடுவதில்லை. என் பெரியதந்தையாரின் கடைசிச் சம்பளச் சீட்டு இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. அதில் எண்கள் யாவும் சரியாகவே உள்ளன.